ராத்திரியில் மலைக்குப் போகும் பிள்ளைகள்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் ஒரு குழுவின் சார்பில் பேசியது. உறுப்பினர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறோம்.)



இந்த மேடையில் வழக்கமாகச் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் பற்றித்தான் பேசுவோம். இன்றைக்கு நாங்கள் மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிரிக்காதீர்கள். நம் குழுக்களில் மாடு வாங்கக் கடன் கேட்பவர்களைவிட, மகனுக்கு வண்டி வாங்கக் கடன் கேட்பவர்கள்தான் இப்போது அதிகம் என்பது உங்கள் எல்லாருக்கும் தெரியும். வண்டிக்குக் கடன் கொடுத்த கையோடு நம் வேலை முடிந்துவிட்டது என்று நாங்களும் நினைத்திருந்தோம். அந்த நினைப்பு 2022 ஆடி மாதத்தில் உடைந்தது.

எங்கள் ஊர் தஞ்சாவூருக்குப் பக்கம். ஆடிப்பதினெட்டை ஒட்டிக் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா நடக்கும். அந்தச் சமயம் எங்கள் பகுதிப் பசங்கள் கும்பலாக வண்டியில் கிளம்பிவிடுவார்கள். திருச்சி போய், காவிரிக் கரையோரமாகக் குணசீலம், முசிறி, தொட்டியம் தாண்டி நாமக்கல். அங்கிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாக அடிவாரத்துக் காரவள்ளி. அதற்கு மேல் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறக்குறைய 200 கிலோமீட்டர். ராத்திரி முழுக்க ஓட்டி, விடியும்போது மலை ஏறி, ஆகாய கங்கை அருவியில் குளித்து, அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டு, அன்றைக்கே திரும்பிவிட வேண்டும். இதுதான் அவர்கள் கணக்கு.

அந்த வருஷம் 6 வண்டியில் 11 பேர் போனார்கள். எங்களிடம் சொன்னது என்ன தெரியுமா? "திருச்சியில சிநேகிதன் அக்கா கல்யாணம்." நாங்களும் சட்டையைத் தேய்த்துக் கொடுத்து அனுப்பினோம்.

மறுநாள் சாயந்திரம் நாலு மணிக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. மலையில் மினி லாரி ஓட்டுகிற ஒரு தம்பி பேசினார். "அம்மா, பதறாதீங்க. உங்க பையன் வளைவுல விழுந்துட்டான். 108-க்குச் சொல்லிட்டோம்" என்றார். கொல்லிமலை என்று அவர் சொன்னபோது, அவர் தப்பான நம்பருக்குப் பேசுகிறார் என்றே அந்த அம்மா நினைத்தார். மகன்தான் கல்யாணத்துக்குப் போயிருக்கிறானே!

நடந்தது இதுதான். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. அருவிக்கு இறங்கி ஏறிய களைப்பு வேறு. மலையிலிருந்து இறங்கும்போது பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று இன்ஜினை நிறுத்திவிட்டு, கியரையும் எடுத்துவிட்டு, சும்மாவே உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். கியரில் இருந்தால் வண்டியின் வேகத்தை இன்ஜினே இழுத்துப் பிடிக்கும். அதை நிறுத்திவிட்டால் பாரம் முழுக்கப் பிரேக்கின் மேல்தான் விழும். வளைவுக்கு வளைவு பிரேக்கை அழுத்தி, அது சூடேறி, ஒரு வளைவில் பிடிக்கவே இல்லை. வண்டி சுவரில் மோதியது. மிச்சம் பிடித்த பெட்ரோல் அரை லிட்டர்கூட இருக்காது.

ஓட்டியவன் ஹெல்மெட் போட்டிருந்தான். ஹெல்மெட் பிளந்தது, தலை தப்பியது, கால் எலும்பு முறிந்தது. பின்னால் இருந்தவனுக்கு ஹெல்மெட் இல்லை. தலையில் 11 தையல், இரண்டு மணி நேரம் நினைவில்லை. ஒரே வண்டி, ஒரே சுவர். வித்தியாசம் அந்த ஹெல்மெட் மட்டும்தான். இரண்டு பேரும் இன்று நன்றாக இருக்கிறார்கள், கடவுள் புண்ணியம்.

உதவி செய்த அந்த மினி லாரித் தம்பி, போலீஸ் கேள்வி வருமோ என்று கடைசிவரை பயந்துகொண்டே இருந்தாராம். சகோதரிகளே, இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவுபவர் மேல் வழக்குப் போட முடியாது, பெயரைச் சொல்லச் சொல்லியும் கட்டாயப்படுத்த முடியாது. நம் தமிழ்நாட்டில் விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை செலவை, வரம்புக்கு உட்பட்டு, அரசே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. ஆகவே ரோட்டில் யார் விழுந்து கிடந்தாலும் நின்று உதவுங்கள். நம் பிள்ளைக்கு யாரோ ஒருவர் நின்றாரே!

இனிமேல்தான் குழுவின் கதை வருகிறது.

அந்த வண்டி பழைய வண்டி. விலை 42,000 ரூபாய். அதில் 30,000 எங்கள் குழுவின் உள்கடன். மாதம் 1,250 அசல், 24 தவணை. பையன் மூன்று மாதம் வேலைக்குப் போகவில்லை, தவணை நின்றது. பிறகு வண்டிக் காகிதங்களை எடுத்துப் பார்த்தோம். இன்சூரன்ஸ் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஆர்.சி. புத்தகம் இன்னும் பழைய சொந்தக்காரர் பெயரிலேயே இருந்தது. கடன் கொடுக்கும்போது நாங்கள் வண்டியின் நிறத்தைக் கேட்டோம், காகிதத்தைக் கேட்கவில்லை!

இன்சூரன்ஸ் இருந்திருந்தால்கூட அவன் கால் முறிவுக்கு அதில் பெரிதாக எதுவும் வந்திருக்காது. ஆனால் எதிரே வந்த ஒருவர் மேல் மோதியிருந்தால்? அவருக்குரிய நஷ்ட ஈடு முழுவதும் நம் தலையில். ஆர்.சி.யில் பெயர் இருக்கும் அந்தப் பழைய சொந்தக்காரரும் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் எதிராளிக்கானது. அதோடு, சொந்தக்காரரே வண்டி ஓட்டி இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 15 லட்சம் ரூபாய் தரும் தனிநபர் விபத்துக் காப்பீடும் உண்டு. ஆனால் அதற்கு வண்டி அவர் பெயரில் இருக்க வேண்டும், லைசென்ஸ் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டும் சேர்ந்து இல்லை.

அந்த மாதக் குழுக் கூட்டத்தில் பெரிய சண்டை. "இனிமே வண்டிக்குக் கடனே கிடையாதுன்னு தீர்மானம் போடுங்க" என்றார்கள் பாதிப் பேர். அப்போது அடிபட்ட பையனின் அம்மாவே எழுந்து பேசினார். "வண்டி இல்லாட்டி அவனுக்கு வேலை இல்ல. கம்பெனி 22 கிலோமீட்டர். ரெண்டாவது ஷிப்டு விடுறப்ப பஸ்ஸே இல்ல. வண்டிய நிறுத்துனா சோறு நிக்கும். தப்பு வண்டி மேல இல்ல. அவன் எங்கிட்ட பொய் சொல்லிட்டுப் போனான் பாருங்க, அதுல இருக்கு. உண்மைய சொன்னா நாம விடமாட்டோம்னு தெரிஞ்சுதானே பொய் சொன்னான்?"

யாரும் பேசவில்லை. யோசித்துப் பார்த்தால் அதுதான் உண்மை. "போகக்கூடாது" என்று நாம் சொல்கிறோம். அவர்கள் போகாமல் இருக்கிறார்களா? சொல்லாமல் போகிறார்கள். சொல்லாமல் போகிறவனிடம் நாம் எதையும் கேட்க முடியாது. ஹெல்மெட் எடுத்தாயா, தூங்கினாயா என்று கேட்க முடியாது.

ஆகவே இரண்டு தீர்மானம் போட்டோம்.

முதலாவது, கடனுக்கு. வண்டிக் கடன் கேட்டால் ஓட்டுபவரின் லைசென்ஸ், நடப்பு இன்சூரன்ஸ், ஆர்.சி. மூன்றையும் குழுவில் காட்ட வேண்டும். பழைய வண்டியானால் வாங்கிய 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும், அதுதான் சட்டம். கடன் தொகையிலேயே ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட ஹெல்மெட் இரண்டு வாங்க வேண்டும். ஒன்றல்ல, இரண்டு. 18 வயது ஆகாத பிள்ளைக்கென்று வண்டிக் கடன் கிடையாது. சிறுவன் வண்டி ஓட்டிப் பிடிபட்டால் பெற்றவர்களுக்கோ வண்டிக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டிப் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். அந்தப் பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

இரண்டாவது, பிள்ளைகளுக்கு. "எங்கே போனாலும் சொல்லிட்டுப் போங்க. தடுக்க மாட்டோம். ஆனா நாங்க கேக்கறதுக்குப் பதில் சொல்லணும்."

2023 ஆடியில் அவர்களே வந்து நின்றார்கள். "இந்த வருஷமும் கொல்லிமலை போறோம்மா." வயிற்றைக் கலக்கியது. ஆனால் வார்த்தை கொடுத்துவிட்டோமே! உட்கார வைத்துப் பேசினோம். போன வருஷம் விழுந்தவனையும் பக்கத்தில் உட்கார வைத்தோம். அவன் சொன்னதைத்தான் மற்றவர்கள் காது கொடுத்துக் கேட்டார்கள். முடிவானவை இவை:

1. கிளம்பும் நாள் பகலில் குறைந்தது நாலு மணி நேரம் தூங்க வேண்டும். யாரும் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கக்கூடாது.
2. முன்தினமே பிரேக், டயர் காற்று, முன் விளக்கு, பின் சிவப்பு விளக்கு மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.
3. நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள் முதலிலும் கடைசியிலும் போக வேண்டும். கடைசி வண்டிக்காரர் யாரையும் பின்னால் விடக்கூடாது. வண்டிக்கு வண்டி இடைவெளி வேண்டும், பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டு போகக்கூடாது.
4. ராத்திரியில் 50-க்கு மேல் வேகம் வேண்டாம்.
5. திருச்சி, முசிறி, நாமக்கல், காரவள்ளி நாலு இடத்திலும் நிறுத்தி, ஒரு அம்மாவுக்குப் போன் செய்ய வேண்டும்.
6. இருட்டில் மலை ஏறக்கூடாது. வெளிச்சம் வந்த பிறகே முதல் வளைவு. ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும்.
7. இறங்கும்போது இன்ஜினை நிறுத்தக்கூடாது. எந்த கியரில் ஏறினார்களோ அதே கியரில் இறங்க வேண்டும். அன்றே திரும்பக்கூடாது, மேலே ஒரு ராத்திரி தங்கித் தூங்கி மறுநாள் பகலில் வர வேண்டும்.

ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பினார்கள். நாங்கள் அம்மாமார் ஏழு பேரும் ஒரே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். சும்மா இருந்தால் மனசு கேட்காது என்று ஒரு மூட்டை நிலக்கடலையை உடைக்க ஆரம்பித்தோம். 11.30-க்குத் திருச்சி போன் வந்தது. 12.45-க்கு முசிறி. அடுத்தது 2.30-க்கு நாமக்கல். 2.30 ஆனது, வரவில்லை. 2.45, மூன்று மணி. நாங்கள் போட்டாலும் எடுக்கவில்லை. கடலை உடைக்கிற சத்தம் நின்றுபோனது. ஒருத்தி எழுந்து போய் சாமி விளக்கை ஏற்றினார். போன வருஷத்து அம்மா மட்டும் போனையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

3.20-க்குப் போன் வந்தது. "எல்லாரும் நல்லா இருக்கோம்மா. நாமக்கல்லுக்கு முன்னாடி ஒரு பெட்ரோல் பங்க்ல நிக்கிறோம்." நடுவில் போன ஒருவனின் வண்டி இரண்டு தடவை லேசாக ஓரம் போய்த் திரும்பியதாம். தூக்கம் வந்ததைச் சொல்ல அவனுக்கு வெட்கம். கடைசி வண்டிக்காரன் பார்த்துவிட்டு ஹாரன் அடித்து எல்லாரையும் நிறுத்தியிருக்கிறான். பங்கில் கேட்டு, அப்படியே தரையில் படுத்து எல்லாருமே தூங்கிவிட்டார்கள்.

சகோதரிகளே, 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர் ஓடும். மூன்று விநாடி கண் சொக்கினால் 40 மீட்டருக்கு மேல், கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டிய மாதிரி. ராத்திரி இரண்டிலிருந்து ஐந்து வரை எவ்வளவு கெட்டிக்காரனுக்கும் உடம்பு தூக்கத்தைத்தான் கேட்கும். முகம் கழுவினாலும் டீ குடித்தாலும் கொஞ்ச நேரம்தான் தாங்கும். தூக்கத்துக்கு மருந்து தூக்கம்தான். அந்த 50 நிமிஷம் நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தோம். அதே 50 நிமிஷம்தான் ஒரு பிள்ளையைக் காப்பாற்றியது.

மறுநாள் சாயந்திரம் எல்லாரும் வீடு வந்தார்கள். மலை வாழைப்பழமும் மிளகும் வாங்கி வந்தார்கள்.

2022-இல் மட்டும் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள். அந்த வருஷம் அதிக விபத்து நடந்த மாநிலம் நம் தமிழ்நாடுதான், 64,105 விபத்து. இந்த எண்ணிக்கையில் நம் குழு வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள். வண்டிக்குப் பணம் கொடுப்பது நம் கை. அந்தக் கையால் ஹெல்மெட்டையும் கொடுப்போம், கேள்வியும் கேட்போம். எங்கள் இரண்டு தீர்மானங்களையும் உங்கள் குழுக்களில் வைத்துப் பேசுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

முடிக்கும் முன் ஒன்று. பிள்ளைகள் வந்த அன்று எங்கள் குழு உறுப்பினர் ஒருவரின் மகள், ஸ்கூட்டியில் தினம் வேலைக்குப் போகிறவள், கேட்டாள்: "நாங்க பொண்ணுங்க நாலு பேரு சேர்ந்து போறோம்னு சொன்னா, இதே மாதிரி திண்ணையில உக்காந்து கடலை உடைப்பீங்களா? இல்ல, கதவைப் பூட்டுவீங்களா?"

எங்களுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பகலில் என்றால் சரி என்றோம், ராத்திரி என்றால் யோசிக்கணும் என்றோம். பசங்களுக்கு மட்டும் யோசித்தீர்களா என்று திருப்பிக் கேட்டாள். அந்தக் கேள்வியையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறோம். அடுத்த கூட்டத்தில் அதுதான் முதல் பொருள்.