ஜூரியின் செலவு யார் தலையில்?



ஜூரி முறை மறுபடியும் வேண்டும் என்று சிலர் பேசுகிறார்கள். மக்களே தீர்ப்புச் சொல்வது என்றால் கேட்க இனிக்கத்தான் செய்கிறது. அதன் செலவு யார் தலையில் விழும் என்று யாரும் சொல்வதில்லை.

லண்டனில் ஜூபிலி ரயில் பாதை நீட்டிப்பில் மோசடி என்று ஒரு வழக்கு. 2003 ஜூனில் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் ஜூரி உட்கார்ந்தது. வாரம் மாதமாகி, மாதம் ஆண்டைத் தாண்டியது. சட்ட வாதம் என்றால் ஜூரியை வெளியே அனுப்பிவிடுவார்கள். வேலைக்கும் போக முடியாமல், வழக்கையும் கேட்க முடியாமல் காத்துக் கிடந்தார்கள். ஒரு பெண்மணி கர்ப்பமாகி விலகினார். இன்னொருவர், பணச் சிக்கல் தாங்காமல், இனி உட்கார மாட்டேன் என்று மறுத்துவிட்டார். 2005 மார்ச்சில் ஜூரியையே கலைத்தார்கள். சுமார் 6 கோடி பவுண்டு செலவு என்று பத்திரிகைகள் எழுதின. குற்றவாளியா இல்லையா என்று ஜூரி வாயைத் திறக்கவே இல்லை, ஐயா!

அந்த ஜூரர்களை நான் குறை சொல்லமாட்டேன். வழக்கை அவர்கள் நன்றாகவே புரிந்துகொண்டிருந்தார்கள் என்று பின்னால் நடந்த ஆய்வு சொன்னது.

குறை ஜூரி முறையில்தான்; அதுவும் செலவு மட்டுமல்ல. நம் ஊர்ப் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்குக்கு வருவோம். 1945 மே மாதம், ஒன்பது ஜூரர்களில் ஆறு பேர் நடிகர்கள் தியாகராஜ பாகவதரையும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனையும் குற்றவாளி என்றார்கள். மூன்று பேர் இல்லை என்றார்கள். ஏன்? ஒரு வரி எழுத்தில் இல்லை. நீதிபதி தீர்ப்பெழுதினால் காரணம் எழுதியாக வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டு மேல்முறையீட்டில் மடக்கலாம். ஜூரியின் ஒற்றைச் சொல்லில் எதைப் பிடிப்பது? மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947 ஏப்ரலில்தான் விடுதலை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறை. பாகவதரின் திரைவாழ்வு பிறகு எழவேயில்லை.

1958-இல் சட்ட ஆணையம் ஜூரியை நீக்கச் சொன்னது. 1973-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. சரியாகத்தான் செய்தார்கள்.

தினக்கூலிக்காரரை மாதக்கணக்கில் கோர்ட்டில் உட்கார வைத்தால் அவர் வீட்டு அடுப்புக்கு யார் பொறுப்பு? ஜூரிக்குச் செலவாகும் பணத்தில் காலியாகக் கிடக்கும் நீதிபதி இடங்களை நிரப்புங்கள். தீர்ப்பின் காரணங்களை, வழக்காடியவருக்கே புரிகிற தமிழில் எழுதிக் கொடுங்கள்!