இரு சக்கர வண்டிக்காரன் குரல் சட்டசபைக்கு எட்டுவது எப்படி?

(கள்ளக்குறிச்சியில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

மோட்டார் சைக்கிள் என்றால் ஒரு காலத்தில் மிராசுதாரும் போலீஸ் இன்ஸ்பெக்டரும் ஏறி வந்த வண்டி. இன்று நிலைமை அதுவல்ல. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளில் இரவு ஷிப்டு முடிந்து வெளியே வருகிற தொழிலாளி எதில் ஏறி வீடு போகிறான்? நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் பத்து மைல் தள்ளிப் போகிற கூலிக்காரக் கணவனும் மனைவியும் எதில் போகிறார்கள்? கல்வராயன் மலையிலிருந்து கடுக்காய் மூட்டையும் புளி மூட்டையும் எதில் இறங்குகின்றன? பஸ் வராத நேரத்திலும் பஸ் போகாத ஊரிலும், தவணைக்கு வாங்கிய அந்த இரு சக்கர வண்டிதான் நமக்குக் கால். மண்வெட்டியைப் போல, அரிவாளைப் போல, அதுவும் ஒரு வேலைக் கருவி.

அந்தக் கருவி குடிக்கும் பெட்ரோலுக்கு வரி போடுவது சர்க்கார். அது ஓடும் சாலையைப் போடுவதும், போடாமல் விடுவதும் சர்க்கார். அபராதம் விதிப்பதும் சர்க்கார். ஆகவே சட்டம் செய்கிற இடத்தில் நம் பேச்சு ஏறவேண்டும். பெரிய முதலாளிகளுக்கு டில்லியிலும் சென்னையிலும் காரியம் பார்க்க ஆள் இருக்கிறது. நமக்கு யார் இருக்கிறார்கள்? நாம்தான் இருக்கிறோம், நம் எண்ணிக்கை இருக்கிறது.

எண்ணிக்கைக்கு மதிப்பு உண்டா?

உண்டு. 2021 ஆகஸ்ட் 13-ந் தேதி தமிழ்நாடு சட்டசபையில் திருத்திய பட்ஜெட் வந்தது. பெட்ரோல் மீதான மாநில வரியில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைக்கப்பட்டது. நிதி மந்திரி சொன்ன காரணம் என்ன? தமிழ்நாட்டில் 2 கோடியே 63 லட்சம் இரு சக்கர வண்டிகள் இருக்கின்றன, உழைக்கும் ஏழைகளின் வாகனம் அதுதான் என்றார். ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் வருமான இழப்பு என்றும் சொன்னார். தினம் அரை லிட்டர் போடுகிறவனுக்கு மாதம் 25 நாளில் முப்பத்தேழரை ரூபாய் மிச்சம். பெரிய தொகையல்ல. ஆனால் நம் தலைகளை எண்ணிப் பார்த்துத்தான் சட்டசபை அந்த முடிவைச் செய்தது என்பதை மறக்கக்கூடாது.

டில்லி என்ன செய்தது? உலகச் சந்தையில் எண்ணெய் விலை விழுந்துகிடந்த 2020-இல், மார்ச்சில் 3 ரூபாய், மே மாதத்தில் 10 ரூபாய் என்று பெட்ரோல் மீதான வரியை 13 ரூபாய் ஏற்றியது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்த பிறகு 2021 நவம்பரில் 5 ரூபாயும், 2022 மே மாதத்தில் 8 ரூபாயும் இறக்கியது. ஏற்ற இரண்டு மாதம். இறக்க இரண்டு வருஷம்! 2025 ஏப்ரலில் மறுபடியும் 2 ரூபாய் ஏற்றியது.

எந்தக் குறைக்கு எந்தக் கதவு?

நம் மகஜர்கள் பல குப்பைக் கூடைக்குப் போவதற்கு ஒரு காரணம், தவறான கதவைத் தட்டுவது. தாசில்தாரிடம் போய் பெட்ரோல் விலையைக் குறை என்றால் அவர் என்ன செய்வார்?

பெட்ரோல் மீது இரண்டு வரி. கலால் வரி டில்லியுடையது. அதற்குப் பார்லிமெண்ட் மெம்பரைப் பிடிக்கவேண்டும். விற்பனை வரி சென்னையுடையது. அதற்கு சட்டசபை மெம்பர்.

அபராதமும் அப்படியே. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி அபராதத்தை உயர்த்தியது பார்லிமெண்ட். ஆனால் வழக்குக்குப் போகாமல் கட்டித் தீர்க்கும் தொகையை நிர்ணயிக்கும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு. டில்லியை ஆளும் அதே கட்சி ஆண்ட குஜராத், ஹெல்மெட் அபராதத்தை 1,000 ரூபாயிலிருந்து 500 ரூபாயாக அதே ஆண்டில் குறைத்தது. தமிழ்நாடு 2022 அக்டோபரில் புதிய அபராதங்களை அமுலாக்கியபோது 1,000 ரூபாயே வைத்தது. ஒரு நாள் கூலிக்கும் மேலான தொகை இது. இதைப் பற்றிப் பேசவேண்டிய இடம் சென்னை.

அதே 2019 சட்டத்தில் இன்னொரு ஷரத்து இருக்கிறது: 198-ஏ. சாலையைத் தரப்படி போடாமல், பராமரிக்காமல் விட்டு, அதனால் ஒருவர் இறந்தாலோ ஊனமுற்றாலோ, பொறுப்பான அதிகாரிக்கோ காண்டிராக்டருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஹெல்மெட் இல்லாதவனுக்குக் கையோடு ரசீது கிழிக்கிறார்கள். பள்ளத்தை மூடாத காண்டிராக்டருக்கு எத்தனை ரசீது கிழித்தார்கள்? இந்தக் கேள்வியை சட்டசபையில் கேட்கச் சொல்லி நம் மெம்பரிடம் எழுதிக் கொடுப்போம்.

மலைச் சாலை

கல்வராயன் மலையில் ஜாகீர்தார் ஆதிக்கம் ஒழிந்தது 1976-இல். மலை தனித் தாலுகா ஆனது 2019-இல்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகுதான், மலைமக்களுக்குச் சாலை உண்டா, ஆஸ்பத்திரி உண்டா என்று சென்னை ஹைகோர்ட் தானே வழக்கெடுத்துக் கேட்டது. அத்தனை பேர் சாகவேண்டியிருந்தது, ஒரு கேள்வி எழுவதற்கு!

சாலை கேட்டால் “காடு, அனுமதி இல்லை” என்பது பழைய பதில். இடதுசாரிகளும் ஆதிவாசி அமைப்புகளும் போராடிப் பெற்ற 2006 வன உரிமைச் சட்டத்தைக் கையில் எடுங்கள். அதன் 3(2)-வது ஷரத்துப்படி, கிராம சபை சிபாரிசு செய்தால், ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட வன நிலத்தைச் சாலைக்குக் கொடுக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது. கணக்குப் போடுங்கள்: 4 மீட்டர் அகலச் சாலை என்றால், இரண்டரை கிலோமீட்டர் நீளம் ஒரு ஹெக்டேருக்குள் அடங்கிவிடும். எத்தனையோ குக்கிராமங்களுக்கு இது போதும். ஆகவே மலைத் தோழர்களுக்கு முதல் கதவு மந்திரி வீடு அல்ல, கிராம சபை. தீர்மானம் எழுத்தில் ஏறட்டும். அதன் நகலோடு மற்றக் கதவுகளைத் தட்டுவோம்.

வேலைக்குப் போகும் வழியில்

மராட்டியத்தில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி, 2003-இல் இரவு வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது விபத்தில் மாண்டார். ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர்தான் மிச்சம். நஷ்டஈட்டுக் கமிஷனர் குடும்பத்துக்குப் பணம் கொடுக்கச் சொன்னார். ஹைகோர்ட் அதை ரத்து செய்தது. 2025 ஜூலையில்தான் சுப்ரீம் கோர்ட், வேலைக்கும் பயணத்துக்கும் தொடர்பு இருந்தால் வழியில் நேரும் விபத்தும் வேலையில் நேர்ந்த விபத்தே என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்புக்கு ஆதாரமாக நின்றது, 2010-இல் இ.எஸ்.ஐ. சட்டத்தில் பார்லிமெண்ட் சேர்த்த ஒரு ஷரத்து. சட்டத்தில் ஒரு வரி சேர்ந்ததால் ஒரு விதவைக்கு நியாயம் கிடைத்தது. அதற்கு 22 வருஷம் ஆயிற்று. நாற்று நடப் போகும் வழியில் விழுகிற கூலிக்காரிக்கு இந்தப் பாதுகாப்பு எங்கே? அவளுக்கு ஆலை இல்லை, இ.எஸ்.ஐ. சீட்டும் இல்லை. இதுவும் நம் கோரிக்கை.

எதைக் கேட்கக்கூடாது?

ஹெல்மெட் வேண்டாம் என்று கேட்கக்கூடாது. அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் சங்கங்கள் அதைக் கேட்டு 1976-இல் வென்றன. ஹெல்மெட் சட்டம் இல்லாத மாநிலத்துக்குச் சாலை நிதியை நிறுத்தும் அதிகாரத்தை அந்நாட்டுக் காங்கிரஸ் ரத்து செய்தது. சில ஆண்டுகளில் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள் சட்டத்தைத் தளர்த்தின, சாவு பெருகியது. அது நமக்கு வேண்டாத வெற்றி. உழைப்பாளிக்குத் தலைதான் சொத்து. நாம் கேட்கவேண்டியது வேறு: புது வண்டியோடு தரமான ஹெல்மெட்டை உற்பத்தியாளர் தரவேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதியே சொல்கிறது. அதை அமுல்படுத்து! ஆலை நிர்வாகமே, உன் தொழிலாளிக்கு ஹெல்மெட் கொடு!

செய்யவேண்டியது என்ன?

முதலில் கணக்கு எடுங்கள். எந்த ஊர்ச் சாலையில், எந்த இடத்தில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். கணக்கோடு வரும் மகஜரைத் தள்ளுவது கஷ்டம்.

இரண்டாவது, ஒரு மகஜருக்கு ஒரு கோரிக்கை. பத்தையும் சேர்த்து எழுதினால் பத்தும் போகும். நகலும் ரசீதும் கையில் இருக்கட்டும். திங்கட்கிழமை கலெக்டரின் குறைதீர் நாளில் கொடுங்கள். கலெக்டர் தலைமையில் ஜில்லா சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது, அதற்கும் கொடுங்கள். சட்டசபைக்கு மனுக்கள் குழு இருக்கிறது, அதற்கும் அனுப்புங்கள்.

மூன்றாவது, காலம் பார்த்துப் போங்கள். பட்ஜெட் வந்த பிறகு அழுது பயனில்லை. அதற்கு இரண்டு மாதம் முன்பே தூதுக் குழு மெம்பர் வீட்டு வாசலில் நிற்கவேண்டும். அவர் எந்தக் கட்சியானாலும் சரி, “சபையில் இதைக் கேட்பீர்களா, மாட்டீர்களா?” என்று நேராகக் கேளுங்கள். அவர் சொன்ன பதிலை ஊருக்குச் சொல்லுங்கள்.

நான்காவது, தனியாகப் போகாதீர்கள். பிரான்சில் மோட்டார் சைக்கிள்காரர்கள் 1980-இல் ஒரு சம்மேளனம் கட்டினார்கள். அதன் பெயரிலேயே ‘கோபங்கொண்டவர்கள்’ என்ற சொல் உண்டு. கோபத்தோடு நில்லாமல், 1983-இல் தங்களுக்கென்று ஒரு பரஸ்பர இன்ஷ்யூரன்ஸ் சங்கமே அமைத்தார்கள். நம்மிடமும் ஆலையில் யூனியன் இருக்கிறது, வயலில் விவசாயத் தொழிலாளர் சங்கம் இருக்கிறது. ஷிப்டுக்காரனும் கூலிக்காரனும் மலைக்காரனும் ஒரே மகஜரில் கையெழுத்துப் போட்டால், அதைத் தள்ள எந்த மெம்பருக்கும் துணிச்சல் வராது.

தோழர்களே! இந்தக் கூட்டம் முடிந்ததும் ஒவ்வொருவரும் வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் திரும்புவீர்கள். போகும் வழியிலேயே கணக்கைத் தொடங்குங்கள். எந்தத் திருப்பத்தில் பள்ளம், எந்தப் பாலத்தில் விளக்கில்லை என்று பார்த்துக்கொண்டு போங்கள். அடுத்த திங்கட்கிழமை முதல் மகஜர் கலெக்டர் ஆபீசுக்குப் போகட்டும்!