கரும்புச் சாம்பலும் கட்டடக் கணக்கும்

பட்டம் பெறும் கட்டடப் பொறியியல் மாணவ மாணவியரே, உலகில் மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமென்ட் தயாரிப்பால் வருகிறது. சூளையில் எரிக்கும் நிலக்கரி அதில் ஒரு பங்குதான். பெரும்பங்கு, சுண்ணாம்புக்கல் சூட்டில் சிதையும்போது வெளியேறுவது. எனவே சூளையை மாசற்ற எரிபொருளில் ஓட்டினாலும் சிக்கல் தீராது, சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு உண்டாக்கும் கிளிங்கரைக் குறைத்தே ஆகவேண்டும். பசுமைக் கட்டடம் என்றதும் நினைவுக்கு வரும் மாடிச் சூரியத் தகட்டை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தூணின் பருமனையும் கான்கிரீட் கலவையையும் தீர்மானிப்பவர் கட்டமைப்புப் பொறியாளர். பசுமைக் கட்டடம் அவர் மேசையில்தான் தொடங்குகிறது.

கிளிங்கருக்கு ஒரு மாற்று சர்க்கரை ஆலையில் கிடைக்கிறது. கல்வராயன் மலையடிவாரக் கச்சிராயபாளையத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. இத்தகைய ஆலைகளின் கொதிகலனில் கரும்புச் சக்கை எரிந்தபின் மிஞ்சும் சாம்பலில் சிலிக்கா மிகுதி. சிமென்ட் நீரோடு சேரும்போது உண்டாகும் சுண்ணாம்பை அது பற்றிக்கொண்டு மேலும் பிணைப்பைத் தருகிறது. எரியாத நாரைச் சலித்து நீக்கி, நன்றாக அரைத்துக் கலந்தால் சிமென்டின் ஒரு பகுதிக்கு இது ஈடாகும் என்று சென்னை ஐஐடியின் ஆய்வுகள் காட்டியுள்ளன. சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் கலந்து கிளிங்கரைப் பாதியளவுக்குக் குறைக்கும் சிமென்டுக்கு 2023-ல் இந்தியத் தரநிலையே வந்துவிட்டது.

சாம்பல் கலந்தால் வீடு தாங்குமா என்று வீட்டுக்காரர் கேட்பார். நியாயமான கேள்விதான். கடையில் வாங்கும் பிபிசி எனும் பொசோலானா சிமென்ட் மூட்டையில் 35 விழுக்காடு வரை அனல்மின் நிலையச் சாம்பல் இருக்கலாம் என்பதை அவருக்குச் சொல்லுங்கள். இவ்வகைக் கான்கிரீட் மெதுவாகத்தான் வலுப்பெறும் என்பதையும் மறைக்காதீர்கள். கூடுதல் நாள் தண்ணீர் விடவேண்டும், சென்ட்ரிங்கைப் பொறுத்துப் பிரிக்கவேண்டும். பொருளைக் குறைத்தால் பாதுகாப்பு குறையும் என்பது அடுத்த அச்சம். ஆனால் கலவையில் மிகையாக ஊற்றிய நீர், போதாத நீராற்றுதல், துருவேறிய கம்பி, சரியாகக் கட்டாத இணைப்பு ஆகியவைதான் நம் கட்டடங்களைப் பெரிதும் பலவீனமாக்குகின்றன. கம்பியை இரட்டிப்பாக்குவது இவற்றில் ஒன்றுக்கும் மருந்தாகாது.

இப்படிக் கணக்குப் பார்த்துப் பொருளைக் குறைப்பதற்குச் சம்பளம் யார் தருவார்கள் என்ற கவலை உங்களுக்கு இருக்கும். மிச்சமாகும் மூட்டையும் கம்பியும் எந்த வீட்டுக்காரருக்கும் புரியும். கல்வராயன் மலையடிவாரச் சிற்றூர்களில் கம்பிக் கணக்கு இன்னும் பெரும்பாலும் மேஸ்திரியின் அனுபவத்தில்தான் நடக்கிறது. உங்கள் படிப்புக்கு அங்கே வேலை நிறைய உண்டு. நீங்கள் வரையும் ஒவ்வொரு வரைபடத்திலும் சிமென்ட் எத்தனை மூட்டை, கம்பி எத்தனை கிலோ என்று எழுதுங்கள். எழுதியபின், குறைக்க முடியுமா என்று இன்னொருமுறை கணக்குப் போடுங்கள்.