யவனர் கதையும் நம்ம ஊர் முத்தும்

(பழைய மாணவர் சங்க மறுசந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கியம் பற்றிப் பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். சாப்பாட்டு வாசனை வந்துவிட்டதால் ஒரே ஒரு விஷயத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். நம்ம முத்தை வைத்து வெளியூர்க்காரர்கள் கட்டிய கதைகள் படிக்கிற நம்மை ஏன் ஏமாற்றிவிடுகின்றன?

முதல் கதை கிரேக்கருடையது. கி.மு. 300-ஐ ஒட்டிச் சந்திரகுப்த மௌரியரிடம் தூதராக வந்த மெகஸ்தனிஸ் எழுதியதைப் பிற்காலத்தில் அர்ரியன் எடுத்துச் சொல்கிறார். மாவீரன் ஹெராக்ளிஸ் நம்ம நாட்டுக் கடலில் முத்தைக் கண்டானாம். மகள் பாண்டையாவுக்கு அணிவிக்க அதைத் திரட்டினானாம். அவள் ஆண்ட நாட்டுக்கு அவள் பெயரே வந்ததாம். அது பாண்டிய நாடுதான் என்பது பலர் கருத்து. ஆரம்பம் என்னவோ ஜோர்தான். அதற்கு மேல் கதை போகிற போக்கை இந்தச் சபையிலே சொல்ல முடியாது. அர்ரியனே அதை நம்பவில்லை!

இரண்டாவது, 1863-ல் பாரிஸில் அரங்கேறிய ‘முத்துக் குளிப்போர்’ என்ற இசை நாடகம். இசை அமைத்த பிசேவுக்கு அப்போது வயது 24. களம் நமக்கு எதிர்க்கரையான இலங்கை. நண்பர்கள் இரண்டு பேர், அவர்கள் காதலிக்கும் பெண் ஒருத்தி. குளிப்பவர்களுக்கு ஆபத்து வராமலிருக்க அவள் முக்காடு போட்டுக்கொண்டு பாறைமேல் நின்று பாடுகிறாள். இசை அருமை, இன்றும் பாடுகிறார்கள். கதையை முதலில் மெக்சிகோவில் நடப்பதாக நினைத்து, பிறகு இலங்கைக்கு மாற்றினார்களாம். ஊரை மாற்றியும் கதை மாறவில்லை என்றால், அந்த ஊர் கதைக்குள்ளே இல்லை என்றுதானே அர்த்தம்?

நிஜத்தில் கரையிலே நின்றவர் ‘கடல்கட்டி’. சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லி, கூலியாகச் சிப்பி வாங்கிக்கொண்டவர். குளிப்பவன் காலில் கல்லைக் கோத்து இறங்குவான். மூச்சு முட்டியதும் கயிற்றை அசைப்பான். மேலே இருப்பவன் உடனே இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று நம்ம பக்கம் சொல்வதுண்டு. அக்கா தாலிக்குப் பங்கம் வர அவன் விடமாட்டான் அல்லவா? இதைவிட ஒரு காதல் கதை வேண்டுமா, சொல்லுங்கள்!

கி.பி. முதல் நூற்றாண்டில் ‘பெரிப்ளஸ்’ எழுதிய பெயர் தெரியாத கிரேக்கர், கொற்கையில் தண்டனைக் கைதிகளை இறக்கி முத்தெடுத்தார்கள் என்று குறித்து வைத்தார். இரண்டு கதையிலும் தொலைந்துபோன மனிதன் அந்த ஒரு குறிப்பில் இருக்கிறான்.

நம்மவர்களும் எழுதாமல் இல்லை. ஜோ டி குரூஸின் ‘கொற்கை’ நாவலுக்கு 2013-ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. ஆனால் ஒரு நாவல் போதாது. இந்தக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அன்றைக்கு இறங்கியவர்களில் இருப்பவர்களுக்கு இப்போது எண்பது வயதுக்கு மேலிருக்கும். விடுமுறைக்கு ஊர் வரும் பிள்ளைகளே, தாத்தாமார் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். நாம் எழுதாவிட்டால் ஹெராக்ளிஸ் கதைதான் மிஞ்சும்.