கொடுத்த சாவியைத் திரும்பப் பெற முடியுமா?



வீவக வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விடுபவர், குடியிருந்தவர் காலி செய்யும்போது சாவியைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். ஆனால், அவர் அந்தச் சாவிக்கு முன்பே ஒரு நகல் செய்து வைத்திருந்தால்? பூட்டையே மாற்ற வேண்டியதுதான். பூட்டை மாற்றினால் வீட்டில் உள்ள மற்றவர்கள் அனைவருக்கும் புதுச் சாவி கொடுக்க வேண்டும். பலர் பகிர்ந்து பயன்படுத்தும் கணினித் தகவலிலும் இதே சிக்கல் உண்டு.

சிங்கப்பூர் இதை 2019இல் நேரில் கண்டது. அவ்வாண்டு ஜனவரி 28ஆம் தேதி, எச்ஐவி பதிவேட்டில் இருந்த 14,200 பேரின் விவரங்கள் இணையத்தில் வெளியானதாகச் சுகாதார அமைச்சு அறிவித்தது. வெளியிலிருந்து யாரும் பூட்டை உடைக்கவில்லை. பதிவேட்டைப் பார்க்க முறைப்படி அனுமதி பெற்றிருந்த அதிகாரி ஒருவர் அத்தகவலைக் கையாண்ட விதமே கசிவுக்கு வழிவிட்டதாக அமைச்சு கருதியது. அவர் 2014இலேயே பதவி விலகியவர். 2016இல் கண்டெடுத்த நகல்களைக் காவல்துறை கைப்பற்றியது. இருந்தும் ஒரு பகுதி எங்கோ மிஞ்சியிருந்தது.

தகுதியே சாவி

தகவலைச் சங்கேத வடிவில் மாற்றிப் பூட்டி வைப்பதை மறைக்குறியாக்கம் என்கிறோம். வழக்கமான முறையில், யார் யார் திறக்கலாம் என்பதை ஆள் ஆளாகக் குறிப்பிட வேண்டும். 2005இல் அமித் சகாய், பிரெண்ட் வாட்டர்ஸ் ஆகிய ஆய்வாளர்கள், ஆளுக்குப் பதிலாகத் தகுதியை வைத்துப் பூட்டும் முறைக்கு அடித்தளம் இட்டனர். 2007இல் அவர்களும் ஜான் பெத்தன்கோர்ட்டும் சேர்ந்து, யார் திறக்கலாம் என்ற விதியைக் கோப்போடு பிணைத்துவிடும் வழியைக் காட்டினர்.

உதாரணத்திற்கு, "இதயப் பிரிவின் மருத்துவர், அல்லது அப்பிரிவின் தலைமைத் தாதி" என்று விதி வகுத்து ஒரு கோப்பைப் பூட்டலாம். அந்தத் தகுதிகள் பதிந்த சாவி உள்ளவருக்கு மட்டுமே அது திறக்கும். கண் மருத்துவர் ஒருவரும் இதயப் பிரிவு எழுத்தர் ஒருவரும் சாவிகளை ஒன்றுசேர்த்தாலும் திறக்காது. ஒவ்வொருவரின் சாவியிலும் வெவ்வேறு எண் கலந்திருப்பதால் அவை ஒன்றோடொன்று ஒட்டா.

விலகியவரை விலக்குவது எப்படி?

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இதயப் பிரிவில் இருபது மருத்துவர்கள் இருக்க, ஒருவர் வேலையை விட்டுப் போகிறார். அவர் சாவியில் உள்ள அதே தகுதிதான் மற்ற பத்தொன்பது பேரிடமும் உள்ளது. அத்தகுதியையே செல்லாததாக்கினால் அனைவரும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

ஒரு வழி, சாவிக்குக் காலக்கெடு வைப்பது. மாதந்தோறும் புதுப்பிக்கும்போது, விலகியவருக்குப் புதுப்பிக்காமல் விட்டுவிடலாம். ஆனால் மாதம் முடியும் வரை பழைய சாவி வேலை செய்யும். அனைவருக்கும் தனித்தனியே புதுப்பிப்பதும் பெரும் வேலை. 2008இல் போல்டிரேவா, கோயல், குமார் ஆகியோர் பயனாளர்களைக் கிளை கிளையாக அடுக்கி இச்சுமையைக் குறைத்தனர். 1,024 பேரில் ஒருவரை மட்டும் நீக்க வேண்டுமானால், மற்ற 1,023 பேருக்கும் சேர்த்துப் பத்துப் புதுப்பிப்புத் தகவல்களே போதும்.

பழைய கோப்புகளை என்ன செய்வது? அவை பழைய சாவிக்கும் திறக்குமே! சேமிப்புக் கணினியே அவற்றை மறுபடி பூட்ட வேண்டும். ஆனால் உள்ளே இருப்பதை அது படித்துவிடக் கூடாது. 2012இல் சகாய், செயாலியோலு, வாட்டர்ஸ் ஆகியோர், பொதுவில் உள்ள தகவலை மட்டும் கொண்டு சேமிப்புக் கணினி இதைச் செய்ய முடியும் என்று காட்டினர்.

கணிதம் எட்டாத இடம்

இத்தனை இருந்தும் ஒன்றை எந்தக் கணிதத்தாலும் செய்ய முடியாது. ஒருவர் திறந்து, படித்து, நகல் எடுத்துக்கொண்டதை அவரிடமிருந்து திரும்பப் பெற முடியாது. சாவியை ரத்து செய்வது, இனிமேல் திறப்பதை மட்டுமே தடுக்கும்.

ஆகவே, அனுமதி கொடுக்கும் நேரத்தில்தான் கவனம் வேண்டும். வேலைக்குத் தேவையான அளவு மட்டும், தேவையான காலத்திற்கு மட்டும் கொடுக்க வேண்டும். எச்ஐவி பதிவேட்டைத் தரவிறக்கிச் சங்கேதம் நீக்க இருவர் ஒப்புதல் தேவை என்ற நடைமுறை 2016 செப்டம்பரில் வந்தது. அதற்குள் தகவல் கைமாறிவிட்டது.

ஊழியர் விலகினால் எத்தனை நாளில் அவர் சாவி செல்லாமல் போகும்? பழைய கோப்புகளை மறுபடி பூட்டுவது யார் பொறுப்பு? மக்களின் விவரங்களை வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனமும் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். பதிவேட்டில் தம் பெயர் இருந்தவர்களுக்கு, வெளியே போன விவரத்தை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. வெள்ளம் வருமுன் அணை போடுவதே அறிவு.