போதையும் மருந்தும்



பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தில் மருந்தைப் பற்றிப் பேசலாமா என்று தயங்கினேன். ஆனால் நான் பேச வந்தது ஒரு சொல்லைப் பற்றித்தான். 'போதை மருந்து' என்கிறோமே, அந்தச் சொல்.

வள்ளுவர் இவ்விரண்டையும் ஒட்டவைக்கவில்லை. கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரம். மருந்து 95ஆம் அதிகாரம். இடையில் நிற்பது சூது. வரலாற்றிலும் அப்படித்தான் நிகழ்ந்திருக்கிறது.

நம் வீட்டுக் குருமாவில் தேங்காயோடு அரைபடும் கசகசா ஒரு செடியின் விதை. அச்செடியின் பச்சைக் காயைக் கீறினால் கசியும் பால் உறைந்து அபினியாகிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செர்ட்யூர்னர் என்னும் ஜெர்மானிய இளைஞர் அதிலிருந்து வலி தணிக்கும் சாரத்தைப் பிரித்தெடுத்து, கனவுத் தெய்வமான மார்ஃபியஸின் பெயரைச் சூட்டினார். அதுவே மார்ஃபின்.

அந்தப் பாலை வணிகம் சூதாக்கியது. ஆங்கிலேயர் கங்கைச் சமவெளியில் விளைந்த அபினியைச் சீனத்தில் விற்றுச் செழித்தனர். சீனம் தடுத்தபோது 1839இல் போர் மூண்டது. இக்கொடுமையைக் கண்டித்து 1881இல் எழுதியவர் இளங்கவி தாகூர். 1898இல் ஹெராயின் இருமல் மருந்தாகவே கடைக்கு வந்தது. 1996இல் அமெரிக்காவில் 'ஆக்சிகான்டின்' மாத்திரை, அடிமைப்படுத்தும் அபாயம் குறைந்தது என்ற விளம்பரத்தோடு விற்கப்பட்டது. அது பொய் என்பதைத் தயாரிப்பாளர் தரப்பு 2007இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது.

பேராசையின் கதை இது. அச்சத்தின் கதை நம்முடையது. 1985இல் இயற்றப்பட்ட போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் உரிமக் கெடுபிடிகளால் பல மருத்துவமனைகள் மார்ஃபினைக் கைவிட்டன. அரசு உரிமத்தோடு அபினி விளைவிக்கும் நாட்டிலேயே புற்றுநோயாளிகள் வலியோடு இறந்தார்கள். 1993இல் கோழிக்கோட்டில் சில மருத்துவர்களும் நண்பர்களும் வலி தணிப்புச் சேவையைத் தொடங்கி வழிகாட்டினர். 2014இல் சட்டம் தளர்ந்தது. நம் மனம் தளர்ந்ததா?

என் அத்தைக்குப் புற்றுநோய். மருத்துவர் எழுதித் தந்த மார்ஃபின் மாத்திரைகளைப் 'போதை மருந்து' என்று அஞ்சி அலமாரியில் பூட்டி வைத்தவன் நான்தான். சில வாரங்களே வாழவிருந்த எழுபத்தெட்டு வயதுக்காரர் அடிமையாகிவிடுவார் என்று பயந்தேன்! ஒன்பதாம் நாள் மருத்துவர் கடிந்துகொண்ட பிறகே கொடுத்தேன். அன்றிரவு அத்தை உறங்கினார். விடிந்ததும் பேத்தியைப் பெயர் சொல்லி அழைத்தார். அந்த ஒன்பது நாட்களை நான் அவருக்குத் திருப்பித் தர முடியாது.

அறிவியல் ஓயவில்லை. அபினி இனத்தைச் சேராத 'சுசெட்ரிஜின்' என்னும் வலிநீக்கி 2025 ஜனவரியில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆனால் அது திடீரென எழும் கடும் வலிக்கே உரியது. புற்றுநோயின் முற்றிய வலிக்கு மார்ஃபினே இன்றும் துணை. அதை அளந்து தருவது மருத்துவர் கடமை. அளந்து விற்க வைப்பது அரசின் கடமை.

சொல்லை அளப்பது நம் கடமை. அழிப்பதைப் போதைப்பொருள் என்போம். ஆற்றுவதை மருந்து என்போம். இரண்டையும் ஒரே சொல்லில் பூட்டினால், எங்கோ ஓர் அலமாரியும் பூட்டப்படும்.