வீட்டிலிருந்து படிக்கும் தங்கைமாருக்கு



2009 ஆகஸ்டில் வன்னிப் பிள்ளைகள் பலர் வவுனியா முகாம்களில் இருந்தே உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். இன்று கண்டாவளையில் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக வீட்டில் படிக்கும் தங்கைக்கு உளவியல் ஒரு வழி சொல்கிறது. திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கே ஒரு வாரத்தின் பின்னர் கூடுதலாக நினைவிருந்தது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006 இல் காட்டினார்கள்.

ஆகவே தங்கைமாரே, புத்தகத்தை மூடிவிட்டு எழுதுங்கள். விடுபட்டதைப் படியுங்கள். இரண்டு நாள் விட்டு மறுபடியும் எழுதுங்கள். கடந்தகால வினாத்தாள்களை மணிக்கூடு பார்த்துச் செய்யுங்கள்.

தனியே படிப்பவளுக்கு இல்லாதது, கேள்வி கேட்க ஓர் ஆள். பழைய மாணவிகளாகிய நாங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், கிழமைக்கு ஒருதரம் தொலைபேசியில் ஒரு தங்கையிடம் பாடம் கேட்போம்.